குறைந்த வருவாயில் முன்னோய்வு – ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு மாணவர், பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

“நன்றாகப் படி, பெரிய சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் பிறகு கவலையே இல்லை.” நம்மில் பெரும்பாலோரை வீட்டார் கல்லூரிக்கு அனுப்பும்போது சொல்லும் சொற்கள் இவை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்கு இச்சொற்கள் சற்று அதிகமாகவே சொல்லப்பட்டன.

சென்ற ஆண்டு பெருக்குத் தொடரைப் பற்றிய வகுப்பில் எங்கள் பேராசிரியர், “இந்தச் சூத்திரத்தால் தீரக்கூடிய கணக்கு ஒன்றை ஒவ்வொருவரும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்” என்றார். என் தந்தையார் விசைத்தறி ஓட்டுபவர். வயது நாற்பத்தெட்டு. தறியின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. ‘அப்பா எப்போது தறியை விட்டு இறங்கலாம்?’ என்பதையே என் கணக்காக எடுத்துக்கொண்டேன். பெரிய சம்பளம் இல்லாதவர் உடல் தளரும் முன்பே ஓய்வு பெற முடியுமா, முடியுமெனில் எத்தனை ஆண்டுகளில் என்பதே கேள்வி. விடை தேடியபோது நான் கற்றவற்றை நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓய்வு வயதை யார் வகுத்தார்?

இத்தனை வயதில் ஓய்வு என்பது இயற்கை வகுத்த விதியன்று, அரசுகள் வகுத்தது. செருமனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889-ஆம் ஆண்டு முதியோர் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது அதற்குரிய வயது 70. பின்னர் 1916-இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. நம் தமிழக அரசு ஊழியர்க்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது.

இவ்வயதுகள் எல்லாம் நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் உடையவர்களுக்கு உரியவை. தறித் தொழிலாளிக்கு ஓய்வு வயதை வகுப்பது அவருடைய முழங்கால்தான். உடல் மறுக்கும் நாளில் வேலை நிற்கும். அன்றே வருவாயும் நிற்கும். ஆகவே முன்னோய்வு என்பது செல்வர்களின் ஆசை மட்டுமே எனக் கருதுவது தவறு. அதைப் பற்றி முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் உடலால் உழைப்பவர்களே.

இருபத்தைந்து மடங்கு

ஓய்வு பெற எவ்வளவு பணம் வேண்டும்? அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் இதற்கு ஒரு விடை கண்டார். அந்நாட்டில் 1926 முதல் பங்குகளும் கடன் பத்திரங்களும் ஈட்டிய ஆதாயத்தை ஆண்டுவாரியாக எடுத்து ஆராய்ந்தார். சேர்த்த தொகையில் முதல் ஆண்டு 4 விழுக்காடு எடுத்து, பின்வரும் ஆண்டுகளில் விலையேற்றத்துக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனால், பணம் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கியது என்று காட்டினார். 1998-இல் டெக்சாசு மாநிலத்து டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவரும் இதையொத்த ஆய்வை வெளியிட்டனர்.

நூறு பங்கில் நான்கு பங்கு ஓராண்டுச் செலவு என்றால், ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு கையில் இருக்க வேண்டும் என்பது பொருள்.

அது அமெரிக்கக் கணக்கு. அங்குள்ள பங்குச் சந்தையின் ஆதாயத்தை நம் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. பங்குகளில் வளர்ச்சி மிகலாம்; வீழ்ச்சியும் மிகலாம். 2008-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடு பாதிக்கு மேல் சரிந்தது. ஓய்வு பெற்ற முதல் ஆண்டிலேயே அப்படி நேர்ந்தால் சிறு சேமிப்பாளர் மீள்வது கடினம். எனவே அஞ்சலகத்தையும் வங்கியையும் மட்டுமே நம்பும் ஒருவரை நான் எடுத்துக்கொண்டேன். 1968-இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடு வட்டி அறிவிக்கப்பட்டது. வட்டி 7, விலையேற்றம் 5 என்று கொண்டால், பணம் மெய்யாக வளர்வது ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவே. இனி வரும் கணக்குகள் அனைத்தும் இந்த 2 விழுக்காட்டை வைத்து, இன்றைய விலைவாசியில் செய்தவை.

வருவாய் நீங்கிவிடும் இடம்

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய். மற்றவருக்கு 60,000 ரூபாய். இருவரும் வருவாயில் மூன்றில் ஒரு பங்கைச் சேமிக்கிறார்கள்.

முதலாமவர் ஆண்டுக்கு 60,000 சேமித்து 1,20,000 செலவிடுகிறார். அவருக்கு வேண்டிய தொகை 1,20,000-இன் 25 மடங்கு, அதாவது 30 இலட்சம். இரண்டாமவர் 2,40,000 சேமித்து 4,80,000 செலவிடுகிறார். அவருக்கு வேண்டியது ஒரு கோடியே 20 இலட்சம். இப்போது வேண்டிய தொகையை ஆண்டுச் சேமிப்பால் வகுத்துப் பாருங்கள். இருவருக்கும் 50 என்றே வரும்!

ஆண்டுதோறும் ஒரு ரூபாய் சேமித்து, அது 2 விழுக்காடு கூட்டுவட்டியில் வளர்ந்து 50 ரூபாய் ஆவதற்குப் பெருக்குத் தொடரின்படி 35 ஆண்டுகள் ஆகும். ஆகவே 15,000 வாங்குபவருக்கும் 35 ஆண்டுகள். 60,000 வாங்குபவருக்கும் 35 ஆண்டுகள். சமன்பாட்டின் இருபுறமும் உள்ள ‘வருவாய்’ ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. எஞ்சி நிற்பது சேமிப்பின் விகிதம் ஒன்றே.

விகிதம் மாறினால் ஆண்டுகள் எவ்வாறு மாறும் என்பதைக் கீழே தருகிறேன்.

பத்தில் ஒரு பங்கு சேமித்தால் – 86 ஆண்டுகள்
ஐந்தில் ஒரு பங்கு – 55½ ஆண்டுகள்
நான்கில் ஒரு பங்கு – 46 ஆண்டுகள்
மூன்றில் ஒரு பங்கு – 35 ஆண்டுகள்
ஐந்தில் இரு பங்கு – 28 ஆண்டுகள்
பாதி – 20½ ஆண்டுகள்

இவ்வாறு சேர்த்த 25 மடங்குத் தொகை, அதே 2 விழுக்காடு வளர்ச்சியில், எத்தனை ஆண்டுகள் செலவுக்குத் தாங்கும் என்றும் பார்த்தேன். அதற்கும் விடை 35 ஆண்டுகளே. இருபத்தொரு வயதில் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு சேமிப்பவர் 56-இல் ஓய்வு பெற்று 91 வரை வாழலாம். ஐந்தில் இரு பங்கு சேமிப்பவர் 49-இலேயே ஓய்வு பெறலாம். ஆனால் அவருக்குப் பணம் தாங்குவது 84 வயது வரையே.

வருவாயின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் கூறும் கருத்து. பள்ளியில் அதை ஓர் அறிவுரையாகப் படித்தேன். இப்போது அதை ஒரு சமன்பாடாகவும் கண்டேன்.

செலவைப் பற்றி மேலும் ஒன்று. மாதச் செலவில் 1,000 ரூபாய் கூடினால் ஆண்டுச் சேமிப்பில் 12,000 குறைகிறது. அத்துடன் வேண்டிய தொகையும் 12,000-இன் 25 மடங்கு, அதாவது 3 இலட்சம், உயர்ந்துவிடுகிறது. ஓடும் தூரம் நீள்கிறது; ஓட்டமும் மெதுவாகிறது. தவணையில் வண்டி வாங்க எண்ணும் நண்பர்கள் இதைக் கருத வேண்டும்.

கணக்கு சொல்லாமல் விட்டது

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மகிழ்ச்சியோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஏங் கண்ணு, மூணுல ஒரு பங்கு எடுத்து வெச்சுட்டா மிச்சத்துல சோறு ஆக்க முடியுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. அரிசி, வாடகை, மருந்து ஆகியவற்றுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே செலவை இறக்க முடியாது. 60,000 வாங்குபவர் பாதியைச் சேமித்தாலும் உண்ண மிச்சம் இருக்கும். 15,000 வாங்கும் நால்வர் குடும்பம் பாதியைச் சேமித்தால் அடுப்பு எரியாது. சமன்பாட்டில் நீங்கிய வருவாய், இந்த அடிமட்டத்தின் வழியே திரும்பி வந்துவிடுகிறது. குறைந்த வருவாயில் முன்னோய்வு என்றால், அந்த அடிமட்டத்தை எவ்வளவு இறக்க முடியும் என்பதே உண்மையான கேள்வி.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து ஹாட்டீஸ்பர்க் நகரில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற மூதாட்டி இருந்தார். நோயுற்ற சிற்றன்னையைக் கவனிக்க ஆறாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு, வாழ்நாளெல்லாம் பிறர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். 1995-இல் அவர் தம் சேமிப்பிலிருந்து தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் உதவிக்கென 1,50,000 டாலர் கொடுத்தபோது உலகமே வியந்தது. துவைப்புக் கூலியில் இது எப்படி முடிந்தது? அவர் சிக்கனமானவர் என்பது உண்மை. அவருக்கு வாடகை இல்லை என்பதும் உண்மை. வீடு மாமன் வழி வந்தது. மணம் செய்யாததால் வளர்க்க வேண்டிய பிள்ளைகளும் இல்லை. அவருடைய அடிமட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆயினும் அவர் முன்னோய்வு பெறவில்லை. மூட்டுவாதத்தால் கைகள் மறுத்த பிறகு, 86-ஆம் வயதில்தான் துவைப்பதை நிறுத்தினார். பணம் சேர்வது வேறு. ஓய்வு கொள்வது வேறு என்பதையும் அவர் வாழ்வு காட்டுகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு

அப்பாவின் கேள்விக்குப் பிறகு நானும் அம்மாவும் மூன்று மாதங்கள் வீட்டுச் செலவை நோட்டில் எழுதினோம். சராசரியை ஒளிக்காமல் தருகிறேன்.

வருவாய்: அப்பா பகல் ஷிப்டு 26-க்கு, ஷிப்டுக்கு 400 வீதம் 10,400. பகல் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வராமல் அப்படியே இரவும் ஓட்டும் இரட்டை ஷிப்டு மாதம் எட்டு இரவு, அதற்கு 3,200. அம்மா தார் சுற்றுவதில் 5,400. ஆக மொத்தம் 19,000.

செலவு: வாடகை 3,500. மளிகை, காய், பால் 6,800. எரிவாயு, மின்சாரம், கைபேசி 1,500. மருந்து 900. என் படிப்புக்கு 1,000. மொய், விசேடம் 1,200. அக்காள் திருமணத்துக்கு வாங்கிய கடன் ஒரு இலட்சத்துக்கு மூன்று ரூபாய் வட்டி, மாதம் 3,000. ஆக மொத்தம் 17,900. மிச்சம் 1,100.

மிச்சம் நூற்றில் ஆறு பங்குகூட இல்லை. சூத்திரத்தில் இட்டால் 110 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது! வட்டி ஒன்றை மட்டும் நீக்கினால் மிச்சம் 4,100. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆண்டுகள் 52 ஆகக் குறைகின்றன. ஒரே ஒரு கடன் எங்கள் கணக்கில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது.

நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என் சூத்திரம் காட்டாத ஒன்றைக் கண்டார். ஒரு பக்கத்தில் வட்டி 3,000; எதிர்ப்பக்கத்தில் இரட்டை ஷிப்டு 3,200. “அப்ப அந்த எட்டு ராத்திரியும் வட்டிக்காரருக்குத்தான் தறி ஓட்டியிருக்கறீங்களா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளில் 384 இரவுகள். கட்டிய வட்டி 1,44,000. அசல் அப்படியே இருந்தது.

பேராசிரியர் கேட்ட கணக்கு எனக்கு அப்போதுதான் கிடைத்தது. அம்மா சேர்ந்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவில் வங்கிக் கடன் ஒரு ரூபாய் வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்குக் கிடைக்கும் என்றார்கள். ஒரு இலட்சத்தை 36 மாதங்களில் அசலும் வட்டியுமாக அடைக்க மாதத் தவணை எவ்வளவு என்று பெருக்குத் தொடரில் கணக்கிட்டேன். 3,321 ரூபாய். கட்டிக்கொண்டிருந்த வட்டியைவிட 321 ரூபாயே கூடுதல். அந்த 321 மாதமிச்சத்தில் இருக்கிறது. முன்னது முடிவே இல்லாதது. பின்னது 36 மாதத்தில் முடிவது. அதில் மொத்த வட்டியே 19,556 தான்.

குழுக் கடனை வாங்கிப் பழைய கடனை அடைத்தோம். இக்கட்டுரை எழுதும் நாள் வரை பதினொரு தவணை கட்டியாயிற்று. தவணை முடியும்போது அப்பாவுக்கு வயது ஐம்பது. அம்மாதத்திலேயே இரட்டை ஷிப்டை விட்டுவிட்டாலும் வருவாய் 15,800, செலவு 14,900. வீடு நடக்கும். அந்த எட்டு இரவையும் விடாமல் ஓட்டினால் மாதம் 4,100 சேரும். எது வேண்டும் என்று கேட்டேன். “முதல்ல ராத்திரி தூங்கோணும் கண்ணு, அப்புறம் பார்க்கலாம்” என்றார். நானும் அதுவே சரி என்று எண்ணுகிறேன். தறியை விட்டு முழுவதும் இறங்க எங்கள் கணக்கு அவருக்கு இடம் தரவில்லை. மாதத்தில் எட்டு இரவுகளைத் திரும்பப் பெற இடம் தந்தது. எங்களைப் போன்றோர்க்கு முன்னோய்வு ஒரே நாளில் முழுதாக வருவதில்லை. இவ்வாறு பகுதி பகுதியாகவே வரும் போலும்.

இங்கு மறக்கக்கூடாத ஒன்று உண்டு. எங்கள் செலவு 14,900 என்ற அளவில் நிற்பது எங்கள் சிக்கனத்தால் மட்டும் அன்று. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலையில்லை. வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுக்கு 2016 முதல் கட்டணமில்லை. 2021 முதல் அம்மா சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கிறார். அப்பாவின் முழங்காலுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. எனக்கு இக்கல்லூரி இருக்கிறது. மெக்கார்ட்டி அம்மையாருக்கு ஒரு சொந்த வீடு செய்த உதவியை, எங்களுக்கு இப்பொது ஏற்பாடுகள் செய்கின்றன.

நாம் தொடங்க வேண்டியவை

நம் நிலை அப்பாவின் நிலையன்று. நமக்கு வயது இருபது. என் கணக்கைச் சொல்கிறேன். மாதம் 18,000 சம்பளத்தில் ஒரு வேலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 6,000 வீட்டுக்கு, 6,000 எனக்கு, 6,000 சேமிப்புக்கு. மூன்றில் ஒரு பங்கு; 35 ஆண்டுகள். சம்பளம் உயரும்போதெல்லாம் உயர்வில் பாதியைச் சேமிப்பில் சேர்த்துவந்தால் விகிதம் மெல்ல ஐந்தில் இரு பங்கை நெருங்கும், ஆண்டுகளும் குறையும்.

வீட்டுக்குத் தரும் 6,000-த்தைக் குறைத்தால் நான் விரைவில் ஓய்வு பெறலாம். அதை நான் குறைக்க மாட்டேன். 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரையுள்ளோர் சேரலாம்; 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 வரை ஓய்வூதியம் வரும். அப்பாவும் அம்மாவும் அவ்வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய முதுமை என் கணக்கின் ஒரு பகுதி.

நிறுவனங்களில் சேரும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வருங்கால வைப்பு நிதிக்குச் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடிப்பார்கள். நிறுவனமும் 12 விழுக்காடு செலுத்தும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். பத்து ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. குறைந்த தொகையாக 50 வயதிலிருந்தும் பெறலாம். வேலை மாறும்போதெல்லாம் இந்நிதியை எடுத்துச் செலவழிப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கணக்கு முதலாம் ஆண்டுக்குத் திரும்பிவிடுகிறது.

முடிவுரை

பெரிய சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கிடைத்தால் மகிழ்ச்சியே. அது கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்ற அச்சம் நமக்கு வேண்டியதில்லை. முதலில் அதிக வட்டிக் கடனை அடைப்பது, அடுத்துச் செலவின் அடிமட்டத்தை அறிவது, பின்பு விகிதத்தைக் காப்பது. இம்மூன்றும் எந்தச் சம்பளத்திலும் தொடங்கக்கூடியவை.

நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டின் வரவையும் செலவையும் ஒரே தாளில் இரு பக்கமாக எழுதிப் பாருங்கள். யாருடைய உழைப்பு எந்தச் செலவுக்குப் போகிறது என்று தெரியவரும். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அப்பா ஒவ்வொரு தவணை கட்டிய நாளையும் சிவப்பு மையால் சுழித்து வைக்கிறார். இன்னும் இருபத்தைந்து சுழிகள் உள்ளன.